வன்னி மாரியில் குளிரைக் கவனிப்பது

இலங்கையின் வடக்கே வன்னியில், எங்கள் பக்கத்தில், மாரி என்றால் எல்லோரும் மழையைத்தான் கணக்கெடுப்பார்கள். குளம் எத்தனை அடி, வான் பாயுதா, எந்தப் பாலத்துக்கு மேலால் தண்ணீர் ஓடுது, இதுதான் பேச்சு. குளிரை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. அது நுவரெலியாவுக்கும் கனடாவுக்கும் உரிய விஷயம், எங்களுக்கு ஒரு போர்வை போதும் என்றுதான் ஊரே இருந்தது. 2022 டிசம்பர் 8, 9ஆம் திகதிகள் வரும்வரை.

மாண்டஸ் புயல் அப்போது வங்கக் கடலில் எங்கள் கரைக்குக் கிழக்கே நகர்ந்து, 9ஆம் திகதி இரவு தமிழ்நாட்டில் மாமல்லபுரம் பக்கம் கரையேறியது. எங்களுக்கு அது நேரே அடிக்கவில்லை. ஆனால் வடக்கிலிருந்து குளிர்காற்றை இழுத்துக்கொண்டு வந்தது. அந்தக் காற்றோடு இந்தியப் பக்கத்துத் தூசும் புகையும் சேர்ந்து வந்ததால் 9ஆம் திகதி நாடு முழுக்கப் பள்ளிக்கூடங்களை மூடினார்கள். அந்தச் செய்தியைத்தான் பலரும் ஞாபகம் வைத்திருக்கிறார்கள். வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கு மேற்பட்ட மாடுகளும் ஆடுகளும் செத்தது வன்னிக்கு வெளியே பலருக்குத் தெரியாது.

ஒட்டுசுட்டானுக்கு இந்தப் பக்கம் எங்கள் ஊரில் விடியற்காலை பட்டிக்குப் போனவர்கள் ஓடி வந்து சொன்னார்கள். நானும் போய்ப் பார்த்தேன். ஒரு நாம்பன் கன்று நான்கு காலையும் வயிற்றுக்கடியில் மடக்கி, மூக்கை விலாவோடு சேர்த்து வைத்தபடி கிடந்தது. தூரத்திலிருந்து பார்த்தால் அசைபோட்டுக்கொண்டு படுத்திருக்கிறது என்றுதான் நினைப்போம். கிட்டப் போனால் மயிர் எல்லாம் நனைந்து முள்ளுமுள்ளாக ஒட்டிப்போயிருந்தது. உடம்பில் காயமில்லை, வயிறு ஊதவில்லை, வாயில் நுரையில்லை. “ஆரோ நஞ்சு வைச்சிட்டாங்கள் போல” என்றார் பக்கத்து அண்ணை. பிறகு அடுத்த ஊர், அதற்கடுத்த ஊர் என்று தொலைபேசியில் செய்தி வரவரத்தான் இது யாரும் செய்த வேலையில்லை என்று விளங்கியது. கடும் குளிரைத் தாங்காமல்தான் செத்தன என்று கால்நடைத் திணைக்களமும் சொன்னது.

எனக்கு அது உடனே பிடிபடவில்லை. அந்த இரவு ஒன்றும் தண்ணீர் உறையும் குளிர் இல்லையே. தை மாதத்தில் வானம் வெளித்த இரவுகளில் இதைப்போலக் குளிர் வந்திருக்கிறது, ஒரு மாடும் சாகவில்லை. பிறகு எப்படி?

விடையின் பாதி கனடாவில் ஸ்காபரோவில் இருக்கும் அக்காவிடமிருந்து வந்தது. அங்கே காலநிலை அறிக்கையில் குளிருக்கு இரண்டு எண் சொல்வார்களாம். வெப்பமானி காட்டுவது ஒன்று, காற்றோடு சேர்த்து உடம்பு உணர்வது மற்றது. வெளியே மைனஸ் 10 பாகை, காற்று மணிக்கு 30 கிலோமீற்றர் என்றால் உடம்புக்கு அது மைனஸ் 20 மாதிரி. அந்த இரண்டாவது எண் மைனஸ் 28க்குக் கீழே போனால் மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்துக்குள் உறையத் தொடங்கலாம் என்று பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்திலேயே சொல்லிக் கொடுக்கிறார்கள். நான் மாடுகளின் கதையைச் சொன்னதும் அக்கா கேட்ட முதல் கேள்வி, “மழையும் காத்தும் சேர்ந்து வந்ததா, தம்பி?” என்பதுதான். பிறகு சொன்னா: “மைனஸ் 15இல காய்ஞ்ச ஸ்னோவுக்குள்ள நடந்து போயிடுவன். தட்டிவிட்டால் உதிர்ந்திடும். ரெண்டு பாகையில மழையும் காத்தும் சேர்ந்து வாற நாள்தான் எனக்குப் பயம். உடுப்பு நனைஞ்சால் எலும்புவரைக்கும் போகும்.”

அதுதான் விஷயம். உயிருள்ள உடம்பைச் சுற்றி அது சூடாக்கிய மெல்லிய காற்றுப் படலம் ஒன்று எப்போதும் இருக்கும். மாட்டின் மயிர் அதைப் பிடித்து வைத்திருக்கிறது. காற்று வேகமாக அடித்தால் அந்தப் படலம் நிற்காது. மயிர் நனைந்தால் காற்றைப் பிடித்து வைக்கும் இடைவெளியே இல்லாமல் போகும். போதாததற்கு, தண்ணீர் காற்றைவிட இருபது மடங்குக்கு மேல் வேகமாகச் சூட்டைக் கடத்தும். குளிர்காலத்துத் தடித்த மயிரோடு காய்ந்த உடம்பாக நிற்கிற மாடு பூச்சியம் பாகை வரை சமாளிக்கும், நனைந்த மாட்டுக்கு 15 பாகையிலேயே உடம்புச் சூட்டைக் காப்பது கஷ்டமாகிவிடும் என்று குளிர் நாடுகளில் கணக்கு வைத்திருக்கிறார்கள். அது காற்றைச் சேர்க்காத கணக்கு. எங்கள் மாட்டுக்கு அந்தத் தடித்த மயிரும் இல்லை, உடம்பில் கொழுப்பும் இல்லை.

மற்றப் பாதி பசி. மாடு தின்ற புல்லும் வைக்கலும் வயிற்றில் நொதிக்கும்போதே சூடு உண்டாகிறது. இரவு முழுக்க உள்ளே எரிகிற அடுப்பு அது. காலபோக காலத்தில் வன்னியில் மாடுகளின் நிலை என்ன? புரட்டாசி, ஐப்பசியில் விதைத்த பிறகு வயல் முழுக்கப் பயிர். மாட்டை அங்கே விட முடியாது. காட்டோரம், குளத்தின் அலைகரை, யாரும் விதைக்காத வெட்டைகள் என்று துரத்தித் துரத்தி மேய்க்கிறோம். தொடர்ந்து மழை பெய்தால் அலைகரையும் தண்ணீருக்குள் போய்விடும். அப்போது மாடு அரை வயிற்றோடுதான் இரவு பட்டிக்கு வரும். மேய்ச்சல் தரை ஒதுக்கித் தாருங்கள் என்று பட்டிக்காரர் கேட்டுக் கேட்டுக் களைத்துப் போனார்கள். அந்தக் கோரிக்கை பாலுக்காக மட்டும் என்று நினைக்காதீர்கள். மரமுள்ள ஒரு மேட்டுத்தரை மாரி இரவில் மாட்டின் உயிரைக் காக்கும். எங்கள் ஊரில் அன்றைக்கு வெட்டையில் அடைத்த பட்டிகளில்தான் சேதம் கூட. பாலையும் வீரையும் அடர்ந்த காட்டுக்குத் தெற்குப் பக்கமாக ஒதுங்கி நின்ற மாடுகள் அநேகமாகத் தப்பின. காட்டுக்குள் அடைமழைக்கு நனையாமல் இருக்க முடியாது, ஆனால் காற்று மட்டுப்பட்டுவிடும்.

அதற்குப் பிறகு நான் பொழுதுபடும்போது வெளியே வந்து காற்றைப் பார்க்காமல் உள்ளே போவதில்லை. கனடாக்காரரின் பழக்கம் ஒன்று எனக்குப் பிடித்துக்கொண்டது. நாளைக்கு ஸ்னோ என்றால் இன்று இரவே சப்பாத்தும் உப்பும் சவளும் வாசலுக்கு வந்துவிடும், பள்ளிக்கூட பஸ் ஓடுமா என்று விடியமுன் எழும்பிப் பார்ப்பார்கள், வேலைக்கு வழமையைவிட முந்திக் கிளம்புவார்கள். அவர்களுக்குக் குளிர் என்பது முதல் நாளே ஆயத்தப்படுகிற வேலை. நாங்களோ விடிந்த பிறகு போய்ப் பார்க்கிறோம்.

காற்றைப் பார்க்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. காற்று உங்கள் முதுகில் படும்படி நில்லுங்கள். தாழமுக்கம் உங்கள் இடது கைப் பக்கம் இருக்கும். பூமியின் வட பாதியில் எங்கே நின்றாலும் இது பொருந்தும், ஏனென்றால் இங்கே தாழமுக்கத்தைச் சுற்றிக் காற்று மணிக்கூட்டு முள்ளுக்கு எதிர்ப்பக்கமாகச் சுழலும். மார்கழியில் சாதாரண வாடை வடகிழக்கிலிருந்து, கடல் ஈரத்தோடு வரும். அது முகத்தில் பட்டால் குளிர்ச்சிதான், பயமில்லை. காற்று திரும்பி நேர் வடக்கிலிருந்து ஓயாமல் இழுக்கத் தொடங்கினால் கிழக்கே கடலில் ஏதோ நிற்கிறது என்று அர்த்தம். அப்போது மழை சிறுதூறலாக இருந்தாலும் நான் பட்டியைப் பார்க்கப் போய்விடுவேன். எங்கள் வயதாளிகள் கருவி எதுவும் இல்லாமலே இதை வேறு விதமாகச் சொல்வார்கள். “வாடை வடக்கால திரும்பினால் மாட்டை மேட்டில ஏத்து” என்று என் பெரியப்பா சொல்லுவார். கைபேசியில் வரும் காற்றுப் படங்களும் நல்லவைதான், அம்புக்குறி எந்தப் பக்கம் என்று பார்க்கலாம். ஆனால் வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவித்தலை முதலில் கேளுங்கள். அவசரம் என்றால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்துக்கு அழைக்கலாம்.

பட்டியில் செய்ய வேண்டியது பெரிய செலவான வேலையில்லை. நாலு பக்கமும் மூடிய கொட்டில் வேண்டாம், மூடினால் சாணி, மூத்திர ஆவியில் மாட்டுக்கு நெஞ்சுச் சளி பிடிக்கும். வடக்கும் வடகிழக்கும் மட்டும் மறைத்தால் போதும். பழைய தறப்பாள், தென்னோலைக் கிடுகு, வைக்கல் போர், எது கையில் இருக்கிறதோ அது. தறப்பாளைக் கட்டும்போது அடிப்பக்கம் நிலத்தோடு சேர வேண்டும். படுத்திருக்கிற மாட்டுக்குக் காற்று அடியால்தான் வரும். நான் முதலில் மண்ணை அணைத்து அதன்மேல் தறப்பாளின் ஓரத்தை மடித்துக் கல் வைக்கிறேன். உள்ளே தண்ணீர் நிற்காத மாதிரி ஒரு முழத்துக்காவது மண்ணைக் கொட்டி உயர்த்தி, மேலே வைக்கல் பரப்பினால் கன்றுகள் ஈரத்தில் படுக்காது. கன்று, சினைப்பசு, கிழட்டு மாடு மூன்றையும் மறைப்புக்குக் கிட்டவாக விடுங்கள். பலமான மாடுகள் முட்டித் தள்ளி நல்ல இடத்தைப் பிடித்துக்கொள்ளும், அதனால் இடையில் ஒரு தடி கட்டிப் பிரிக்க வேண்டிவரும்.

தீனியைப் பின்னேரம் கொடுங்கள். காலையில் போடுகிற அதே வைக்கலைப் பொழுதுபட முன் போட்டால் நள்ளிரவில் வயிற்றில் சூடு இருக்கும். பச்சைப் புல் இருந்தாலும் அந்த இரவுக்குக் கொஞ்சம் காய்ந்த வைக்கல் கட்டாயம் வேண்டும்.

கன்றுக்குக் குளிர் ஏறிவிட்டதா என்று பார்க்க விரலை அதன் வாய்க்குள் வைத்துப் பாருங்கள். நல்ல கன்றின் வாய் இளஞ்சூடாக இருக்கும், விரலைச் சூப்பப் பார்க்கும். வாய் குளிர்ந்து, சூப்பாமல், நாக்கு தொங்கினால் நேரமில்லை. காற்றுப் படாத இடத்துக்குத் தூக்குங்கள், காய்ந்த சாக்கால் மயிர் நிமிரும்வரை தேய்த்துத் துடையுங்கள், பிறகு காய்ந்த சாக்கைப் போர்த்துங்கள். நனைந்த சாக்கை மேலே போட்டுவிடுவது போடாமல் இருப்பதைவிடக் கூடாதது. சூப்பக்கூடிய கன்றுக்கு வெதுவெதுப்பான பால் கொடுக்கலாம். விழுங்க முடியாமல் கிடக்கிற மாட்டின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், அது சுவாசப்பைக்குள் போய்விடும். அந்த நேரம் கால்நடை வைத்தியரைக் கூப்பிடுவதுதான் சரி. நெருப்பு மூட்டுவதென்றால் மாட்டின் காற்றுப் பக்கத்தில் மூட்டாமல் ஒதுக்கி மூட்டுங்கள், புகையும் மாட்டுக்குக் கேடு.

இதே கணக்கு மனிதருக்கும்தான். சைக்கிளில் நனைந்து பள்ளிக்கூடம் போகிற பிள்ளை ஈர உடுப்போடு மத்தியானம்வரை வாங்கில் இருக்கிறது. பொலித்தீன் பையில் காய்ந்த மாற்றுச் சட்டை ஒன்றைப் புத்தகப் பையில் வைத்துவிட்டால் போதும். வயல் காவலுக்குப் போகிறவர்களும் அப்படியே. வயதானவர்கள் இருக்கும் அறைக்குள் தணல் சட்டியை வைத்துக் கதவைப் பூட்டிப் படுக்கிற பழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. அதை விடுங்கள். தணலிலிருந்து வரும் நச்சுவாயுவுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. நித்திரையிலேயே ஆளைக் கொல்லும்.

மழையைப் பற்றியும் சொல்லாமல் விட முடியாது. ‘கார்த்திகைக்குப் பின் மழையும் இல்லை, கர்ணனுக்குப் பின் கொடையும் இல்லை’ என்று ஒரு பழமொழி உண்டு. வன்னியில் அதை நம்பக் கூடாது. கிளிநொச்சியையும் முல்லைத்தீவையும் மூழ்கடித்த 2018 வெள்ளம் வந்தது டிசம்பர் 21, 22இல், அதாவது மார்கழி பிறந்த பிறகு. மார்கழியில் குளங்கள் ஏற்கெனவே நிறைந்திருக்கும், நிலம் இனித் தண்ணீர் குடிக்காது, அதனால் பெய்கிற மழை அப்படியே ஓடிவரும். அதோடு உங்கள் தலைக்கு மேலே பெய்கிற மழையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் சரிவராது. இரணைமடுவுக்குத் தண்ணீர் கொண்டுவருவது கனகராயன் ஆறு. அது வவுனியா வடக்குப் பக்கத்திலிருந்து வருகிறது. கிளிநொச்சியில் வெயில் அடிக்கும்போதே கனகராயன்குளத்தில் கொட்டிய மழை வந்துகொண்டிருக்கலாம். வவுனிக்குளத்துக்குக் கீழே இருப்பவர்கள் பாலி ஆற்றின் மேல்பக்கத்தையும், முத்தையன்கட்டுக்குக் கீழே இருக்கும் நாங்கள் பேராற்றின் மேல்பக்கத்தையும் கேட்டு வைத்திருக்க வேண்டும். மேலே இருக்கிற ஊரில் தொலைபேசி எடுக்கிற ஒரு சொந்தக்காரர் இருந்தால் அதைவிட நல்ல எச்சரிக்கை இல்லை.

மழையை அளக்க அடி, வாய் ஒரே அகலமான ஒரு தகரப் பேணி போதும். மரமும் கூரையும் இல்லாத வெளியில் வைத்து, காலையில் அடிமட்டத்தால் பாருங்கள். ஒரு மில்லிமீற்றர் என்றால் ஒரு சதுர மீற்றருக்கு ஒரு லீற்றர். 100 மில்லிமீற்றர் விழுந்தால் ஒரு ஏக்கரில் நாலு லட்சம் லீற்றருக்கு மேல் தண்ணீர். இதைத் தெரிந்து வைத்திருந்தால் வரம்பை எப்போது வெட்டிவிடுவது என்று அக்கம்பக்கத்தில் சண்டை பிடிக்காமல் பேசலாம்.

வெள்ளம் வடிந்த பிறகு இரண்டு விஷயம். சேற்றில் இறங்குகிறவர்கள் எலிக்காய்ச்சலை மறக்கக் கூடாது. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் டொக்சிசைக்கிளின் குளிசையைப் பற்றிக் கேளுங்கள், காலில் வெட்டுக்காயம் இருந்தால் இறங்காதீர்கள். அப்புறம், எங்கள் மண்ணில் இன்னும் வெடிபொருள் கிடக்கிறது. தண்ணீர் அரித்த இடத்தில் அது வெளியே வரும். தெரியாத இரும்பு எதையும் பிள்ளைகள் தொடாதபடி சொல்லி வையுங்கள், கண்டால் கிராம அலுவலருக்கோ பொலிசுக்கோ அறிவியுங்கள்.

மழை ஓய்ந்த தையில் வேறு மாதிரிக் குளிர் வரும். வானம் வெளித்து, காற்று விழுந்து, நிலம் இரவு முழுக்கச் சூட்டை மேலே விட்டுவிடும். விடியப்புறம் பனி கொட்டும், ஏ9 வீதியில் புளியங்குளம், மாங்குளம் பக்கம் மூடுபனி நிற்கும். வெள்ளைப் பஞ்சுக்குள் போகிற மாதிரி முன்னால் ஒன்றும் தெரியாது. தார் வீதியில் இளஞ்சூடு இருப்பதால் மாடுகள் அதில் படுத்திருக்கும். மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள் லைட்டை உயர்த்திப் போடாதீர்கள், வெளிச்சம் பனியில் பட்டு உங்கள் கண்ணுக்கே திரும்பி வரும். தாழ்த்திப் போட்டு மெதுவாகப் போங்கள், முடிந்தால் வெயில் ஏறிய பிறகு கிளம்புங்கள்.

இந்தப் பனி நெல்லுக்கும் தொல்லை. இலையில் ஈரம் காலை வெகுநேரம் நின்றால் எரிபந்தம் என்ற பூஞ்சண நோய் பிடிக்கும். நடுவில் சாம்பல், ஓரத்தில் கபிலம், கண் வடிவத்தில் புள்ளி கண்டால் யூரியா போடுவதை நிறுத்திவிட்டு விவசாயப் போதனாசிரியரிடம் காட்டுங்கள். பச்சை கூடக் கூட இந்த நோய்க்கு விருந்து. மாசியில் அருவி வெட்டும்போது பனி உலரமுன் மெசினை இறக்கினால் நெல் ஈரமாக வரும். களஞ்சியத்தில் வைக்க 14 வீதத்துக்கு மேல் ஈரம் இருக்கக் கூடாது, நெல் சந்தைப்படுத்தும் சபையும் அந்த அளவைத்தான் கேட்கும். வீதியோரம் காயப்போட்ட நெல்லைப் பொழுதுபட முன் கூட்டி மூடாவிட்டால் பகல் முழுக்கக் காய்ந்தது இரவில் மறுபடி ஈரம் இழுக்கும்.

அருவி வெட்டு முடிந்ததும் வைக்கலை வயலிலேயே கொளுத்தாதீர்கள். இரண்டு நாள் நல்ல வெயில் காட்டி, கட்டாகக் கட்டி, நிலத்தில் முட்டாமல் தடி அடுக்கிய மேடையில் ஏற்றி, மேலே தறப்பாள் போடுங்கள். இடம் இருந்தால் போரைப் பட்டியின் வடக்குப் பக்கத்தில் வையுங்கள். அடுத்த மார்கழிவரை காற்றுக்கு மறைப்பாக நிற்கும், மழை விடாமல் பிடிக்கும்போது அதிலிருந்தே உருவிப் போடலாம். இந்த வருடம் எங்கள் ஒழுங்கையில் நாலைந்து வீட்டார் சேர்ந்து வைக்கல் கட்டும் மெசினை வாடகைக்குப் பிடித்திருக்கிறோம், மாடில்லாத வயல்காரரும் தங்கள் வைக்கலைத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.